தெய்வசிகாமணி போட்ட கோடு

உடுமலையிலிருந்து பொள்ளாச்சி போகிற வழி முழுக்க மரகதம் தன் புருஷனிடம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"ஷேர் மார்க்கெட்டுப் பேச்சை மட்டும் எடுத்துராதீங்க. அவங்க சரின்னு சொல்லிப் பூ வெக்கற வரைக்கும் பொறுத்துக்குங்க. அப்புறம் நீங்க என்ன வேணா பேசுங்க, நான் காதை மூடிக்கறேன்."

"நான் என்னைக்கு அதிகமாப் பேசியிருக்கேன்?" என்றார் தெய்வசிகாமணி.

காரை ஓட்டிக்கொண்டிருந்த மகன் பூபதி கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தான்.

தெய்வசிகாமணி சர்க்கரை ஆலை எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரும்பு வண்டி வரும், எடை போடுவார், வண்டி போகும். அப்போதெல்லாம் அவர் ஒரு கிராம் கூடப் பொய் சொன்னதில்லை. ஓய்வு பெற்றதும் மகன் ஆசையாக ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தான். அதிலிருந்து பிடித்தது வினை. ஷேர் விலை ஏறுவதும் இறங்குவதும் அதில் மலை மலையாகக் கோடாக ஓடும். அந்தக் கோட்டுக்குள்ளே கப்பு, கொடி, முக்கோணம், ஆள் தலை என்று உருவங்கள் வரும், உருவத்தைப் பார்த்தே அடுத்து விலை எங்கே போகும் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கூட்டம் நம்புகிறதே, அந்தக் கூட்டத்தில் இவரும் போய்ச் சேர்ந்தார். சேர்ந்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தான் பார்த்ததை ஊருக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது.

அந்த வாயால் ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் போயிருக்கிறது. காங்கேயத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே பெண்ணின் சித்தப்பா, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவர், இவர்கள் கிளம்புகிற வரைக்கும் திரும்பவில்லை. கோபியில் முதலிலேயே பொருந்தியிருந்த ஜாதகம், தெய்வசிகாமணி பேசி முடித்த பிறகு பொருந்தாமல் போனது.

இந்தப் பொள்ளாச்சி இடம் அப்படிப் போய்விடக் கூடாது. பூபதி வாயைத் திறந்து "போய்ப் பாருங்களேம்மா" என்று சொன்ன ஒரே இடம் இதுதான். நண்பன் கல்யாணத்தில் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பெண் பேர் மேகலா. தென்னை நார் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்களிடம் பேசி ஆர்டர் பிடிக்கிற வேலை. பூபதிக்குச் சாப்பிட்ட இலையில் என்ன இருந்தது என்று ஞாபகமில்லை, அவள் என்ன பேசினாள் என்பது மட்டும் வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருந்தது.

சிக்கல் பெண்ணின் அப்பாவிடம்தான். நஞ்சப்பன் இன்சூரன்ஸ் சர்வேயர். லாரி கவிழ்ந்தால், கார் தீப்பிடித்தால், போய் நின்று பார்த்து இதில் எது சேதம், எது பொய் என்று பிரிக்கிற வேலை. பொய் கேட்டே தலை நரைத்த மனுஷன். அவர் கல்யாணத் தரகரிடம் கேட்டனுப்பியதும் ஒரே கேள்விதான்: அந்த வீட்டில் யாருக்காவது சீட்டாட்டம், லாட்டரி, ஷேர் மார்க்கெட் பழக்கம் உண்டா? தரகர் கூசாமல் இல்லை என்று சொல்லிவிட்டார். இது மரகதத்துக்குத் தெரியும். தெய்வசிகாமணிக்குத் தெரியாது. தெரிந்தால் அதையே ஒரு சவாலாக எடுத்துக்கொள்வார் என்று அவள் சொல்லவில்லை.

வீடு பளிச்சென்று இருந்தது. நஞ்சப்பன் வாசலுக்கே வந்து "வாங்க வாங்க" என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியாத முகம். அவர் மனைவி ருக்குமணி அதற்கு நேரெதிர். வந்தவர்கள் உட்காருவதற்குள் வெல்லக் கச்சாயமும் மிளகாய் பஜ்ஜியும் தட்டுத் தட்டாக வந்து இறங்கின. மேகலா உள்ளே இருந்தாள். கதவுத் திரைக்குக் கீழே அவள் கால் மட்டும் தெரிந்தது. பூபதி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பேச்சு நன்றாகத்தான் போனது. பையன் வேலை, சம்பளம், வீடு, யாருக்கு யார் எந்த வழியில் சொந்தம் என்று எல்லாவற்றுக்கும் மரகதம் பதில் தயாராக வைத்திருந்தாள். அப்போது நஞ்சப்பன் சாதாரணமாகக் கேட்டார்.

"ரிட்டையர் ஆகிட்டீங்க. பொழுதெல்லாம் எப்படிங்க போகுது?"

இதற்கு மட்டும் அவள் பதில் தயார் பண்ணியிருக்கவில்லை.

தெய்வசிகாமணி ஒரு தடவை பெண்டாட்டியைப் பார்த்தார். "தென்னைக்குத் தண்ணி பாச்சுவனுங்க. பேப்பர் படிப்பனுங்க" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். மரகதத்துக்கு அந்த நிமிஷம் தன் புருஷன் மேல் கல்யாணமான புதிதில் இருந்தது போல ஒரு பிரியம் வந்தது.

அந்த நேரம் பார்த்து ருக்குமணி காப்பி கொண்டு வந்தார். டம்ளரில் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அலமாரியிலிருந்து புதுப் பீங்கான் கப்புகளை எடுத்திருந்தார்.

தெய்வசிகாமணி கப்பைக் கையில் வாங்கினார். குடிக்கவில்லை. கண்ணுக்கு நேராகத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"கப்பு" என்றார்.

"ஆமாங்க, பொண்ணு போன மாசம் வாங்கினது" என்றார் ருக்குமணி.

"கைப்பிடி" என்றார்.

மரகதம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதே கப்புங்க, இதே கைப்பிடி. ஒரு பம்ப்செட்டுக் கம்பெனி ஷேருல அப்படியே வந்துச்சு. விலை மெல்ல இறங்கி, அடியில கொஞ்ச நாள் உருண்டுட்டுக் கெடந்து, மறுபடி மேல வந்தா அது கப்பு. பக்கத்துலயே சின்னதா ஒரு வளைவு விழுந்தா கைப்பிடி. கைப்பிடி விழுந்துச்சுன்னா விலை ஏறப் போகுதுன்னு அர்த்தம். இது எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதானுங்க."

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் நஞ்சப்பன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் கையிலிருந்த பஜ்ஜியைக் கடிக்காமல் தட்டில் திரும்ப வைத்துவிட்டார். மரகதம் அதைப் பார்த்தாள்.

"மத்தவங்களுக்கு ஏறும். நான் பாத்தா எப்படி ஏறும்னு கேளுங்க. காலையில உக்காந்தனுங்களா, கோடு செல்போன் உச்சியத் தொட்டுருச்சு. அதுக்கு மேல எடமில்ல. நான் என்ன பண்ணுனேன், பையன் போனை வாங்கி அதுக்கு மேல வெச்சேன். கோடு அதுக்குள்ள ஏறிப் போகுது. அதுவும் பத்தல. தெருவுல இருக்கற போனையெல்லாம் வாங்கிச் செவுத்துல ஒண்ணு மேல ஒண்ணா நிறுத்தி, ஏணி போட்டு ஏறிப் பாத்துட்டே போறேன். மொட்டை மாடி வந்துச்சு. தண்ணித் தொட்டி வந்துச்சு. அதுக்கு மேல போன் இல்ல. கோடு மட்டும் அது பாட்டுக்கு ஆகாசத்துல போகுது. ஒரு பருந்து வந்து அதுல முட்டிக்கிட்டு, கோவிச்சுட்டுத் திரும்பிப் போச்சுங்க."

நஞ்சப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஏணி சொந்தமுங்களா, இரவலா?"

"இரவலுங்க. பக்கத்து வீட்டு வேலுச்சாமியோடது."

"வேற யாராவது பாத்தாங்களா?"

"வேலுச்சாமிதான் கீழ ஏணியப் புடிச்சிட்டு நின்னாரு. ஆனா அவருக்குக் கண்ணுல பொரை, ஆப்பரேசன் பண்ணாம இருந்தாரு."

"பஜ்ஜி ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று மரகதம் குறுக்கே புகுந்தாள். "மாவு வீட்லயே அரைச்சதுங்களா?"

"அது கெடக்கட்டுங்க" என்றார் ருக்குமணி. அவர் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேவிட்டார். "அந்தப் பருந்துக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

கேட்கிற ஆள் ஒருத்தர் கிடைத்தால் போதும், தெய்வசிகாமணிக்கு உடம்பே ஒரு சுற்றுப் பெருத்துவிடும். சோபாவின் நுனிக்கு வந்தார்.

"பருந்தை விடுங்க. அதுக்கப்புறம் ஒரு சிமெண்டுக் கம்பெனி. அதுல ஆளு வந்துச்சு."

"ஆளுங்களா?"

"நடுவுல ஒசரமா ஒரு மேடு, ரெண்டு பக்கமும் குட்டையா ஒவ்வொரு மேடு. தலையும் ரெண்டு தோளும்னு சொல்லுவோம். அது வந்தா விலை சரியப் போகுதுன்னு அர்த்தம். எல்லாரும் அலறி அடிச்சு வித்துட்டு ஓடுவாங்க. நான் ஓடல. உத்துப் பாத்தேன். ஒரு மனுசன் கிட்ட மொகங் குடுத்துப் பேசாம ஓடறது மரியாதையில்லை பாருங்க. நான் பாக்கப் பாக்க அந்தத் தலை மெதுவா இந்தப் பக்கம் திரும்பி என்னையப் பாத்துச்சு."

பூபதி தலையில் கை வைத்துக்கொண்டான். திரைக்குக் கீழே தெரிந்த கால் ஒரு எட்டு முன்னால் வந்தது.

"என்னன்னு கேட்டேன். கழுத்து வலின்னுச்சு. அத்தனை பேரும் எந்நேரமும் அதையே பாத்துட்டு இருந்தா, அதும் எத்தனை நேரம் ஆடாம அசையாம நிக்கும், சொல்லுங்க. மரகதம் மூட்டு வலிக்குத் தேய்க்கற தைலத்த எடுத்து, வெரல்ல தொட்டு, போன் மேலயே தோளுல ரெண்டு தேய்ப்பு தேய்ச்சுவிட்டேன். அப்பாடான்னு அது தோளத் தூக்குச்சு பாருங்க, ரெண்டு தோளும் தலைக்கு மேல போயிருச்சு. சரிய வேண்டிய விலை எகிறிருச்சு. வித்துட்டு ஓடுனவங்கெல்லாம் மறுநாள் என் வீட்டு வாசல்ல நிக்கறாங்க, அந்தத் தைலம் எந்தக் கடையில வாங்கினீங்கன்னு."

"தைல பாட்டில் இப்ப இருக்குதுங்களா?" என்றார் நஞ்சப்பன்.

"தீந்து போச்சுங்க."

"தீந்துதான் போகும்" என்றார் நஞ்சப்பன். பல வருஷமாக எரிந்த கார்களுக்கு முன்னால் நின்று சொல்லிப் பழகிய குரல் அது.

மரகதம் காலால் புருஷனின் காலை ஒரு மிதி மிதித்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டு தொடர்ந்தார். இப்போது அவருக்குக் கால் இருப்பதே ஞாபகமில்லை.

"மெழுகுவத்தி தெரியுமுங்களா? விலையை மெழுகுவத்தி மாதிரி வரிசையாப் போட்டுக் காட்டுவாங்க. ஏறினா பச்சை, எறங்கினா செவப்பு. ஒரு நா சாயங்காலம் உடுமலை பூரா கரண்டு போயிருச்சு. வீட்ல மரகதம் தீப்பெட்டி தேடுது. நான் சொன்னேன், எதுக்கு தேடறே, இங்க கை நெறைய இருக்குதேன்னு. நல்லா நெடுநெடுன்னு வளந்த ஒரு பச்சை மெழுகுவத்தியாப் பாத்து நகத்தால கிள்ளி எடுத்து மேசை மேல வெச்சேன். எரிஞ்சுது பாருங்க, தெருக்கோடி வரைக்கும் வெளிச்சம். பச்சை வெளிச்சம். பசங்க அதுலயே வீட்டுப்பாடம் எழுதினாங்க. மின்சார ஆபீசுல இருந்து ஆள் வந்து, நீங்க எங்கிருந்து லைன் இழுத்தீங்கன்னு விசாரணை."

"செவப்பு எரியாதுங்களா?" என்று கேட்டார் ருக்குமணி.

"எரியுமுங்க. ஆனா அது தலைகீழா எரியும். வெளிச்சத்தைக் குடுக்காது, இருக்கற வெளிச்சத்தையும் இழுத்துக்கும். பகல்ல வெயில் தாங்காதப்போ ஜன்னல்ல ஒண்ணு வெச்சுக்குவோம்."

ருக்குமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். திரைக்குப் பின்னாலிருந்தும் ஒரு சத்தம் வந்து, இருமலாக மாறியது. மரகதத்துக்கே ஒரு நொடி உதடு துடித்தது. கெட்டியாகக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்தால் கூடவே அழுகையும் வந்துவிடும் போல இருந்தது, ஏனென்றால் நஞ்சப்பன் சிரிக்கவில்லை. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, இன்னும் என்ன, எல்லாவற்றையும் சொல்லி முடி என்பது போலச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கோபியில் அந்த வீட்டுக்காரர் முகமும் கடைசியில் இப்படித்தான் இருந்தது.

"இதெல்லாம் சாதாரணம்" என்றார் தெய்வசிகாமணி. "நாட்டையே புடிச்சு நிறுத்தினேனே, அதைச் சொல்லலியே."

"சொல்லுங்க" என்றார் நஞ்சப்பன்.

"விலை விழுகறப்போ ஒரு எடத்துல வந்து நிக்கும் பாருங்க, அந்த எடத்துல அடியில ஒரு கோடு போடுவோம். தாங்கு கோடு. மத்தவங்கெல்லாம் விலை எங்க நிக்குதுன்னு பாத்துக் கோடு போடுவாங்க. நான் கோடு போட்டா விலை அங்க வந்து நிக்கும். எடைமேடையில இரும்புக் கம்பியப் புடிச்சு வேலை செஞ்ச வெரலுங்க இது. அழுத்தம் வேற மாதிரி. போன மழைக்காலத்துல ஒரு காலையில மார்க்கெட்டு மொத்தமா விழுகுது. ஒரு ஷேரு ரெண்டு ஷேரு இல்ல, நாட்டுல இருக்கற அத்தனையும். டிவியில பேசறவங்க அழுகறாங்க. நான் பாத்தேன். பல்லு கூட வெளக்கல. வெரல வெச்சு உடுமலையில ஆரம்பிச்சு ஒரே இழுப்பு, பம்பாய் மார்க்கெட்டுக் கட்டடம் வரைக்கும்."

"செல்போனுலயா, வெளியிலயா?"

"ஆரம்பிச்சது செல்போனுல. பாதியில வெளிய வந்துருச்சு. விழுந்துட்டு இருந்த ஷேரெல்லாம் ஒவ்வொண்ணா அந்தக் கோட்டு மேல வந்து உக்காருது, கரண்டுக் கம்பி மேல காக்கா உக்கார்ற மாதிரி. பேங்கு, பஸ் கம்பெனி, சோப்பு, மருந்து, எல்லாம் வரிசையா. ஆனா பாரம் பாருங்க. கோடு நடுவுல தொங்க ஆரம்பிச்சுருச்சு. பம்பாய்ப் பக்கம் அவங்க கட்டடத்துல கட்டியிருக்காங்க, கவலையில்ல. இந்தப் பக்கம் கட்ட எடமில்ல. நான் கையில புடிச்சிட்டு நின்னேன். காத்தாலை றெக்கையில சுத்திடலாம்னு பாத்தா, அது சுத்தற சுத்துல மார்க்கெட்டே சுத்திப் போகும். விட்டா நாடு போச்சு. பம்பாயில இருந்து போன் மேல போன், ஐயா, விட்டுறாதீங்க ஐயான்னு. நான் எந்தக் கையால போனை எடுக்கறது? சாயங்காலம் மார்க்கெட்டு மூடற வரைக்கும் நின்னேன். இட்லி கூட மரகதந்தான் ஊட்டிவிட்டுச்சு. வேணும்னா அதையே கேட்டுப் பாருங்க."

நஞ்சப்பன் மெதுவாகத் திரும்பி மரகதத்தைப் பார்த்தார். இதுவரை கேட்ட கேள்வியெல்லாம் ஒரு விதம், இனி கேட்கப் போவது வேறு விதம் என்று அவளுக்குப் புரிந்தது.

"உங்களக் கேக்கறனுங்க" என்றார் நஞ்சப்பன். "எனக்கு ஒரு தம்பி இருந்தான். இருக்கறான், ஆனா இந்த ஊருல இல்ல. அவனும் இந்தக் கோடுதான் பாத்தான். தோட்டம் போச்சு, வீடு போச்சு, அவன் பெண்டாட்டி கொழந்தைங்களக் கூட்டிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிட்டா. அதனாலதான் தரகர்கிட்ட முதல்லயே கேட்டனுப்பினேன். அவரு இல்லைன்னாரு. இப்ப நீங்க சொல்லுங்க. இவரு இதுல எவ்வளவு போட்டிருக்காரு?"

தெய்வசிகாமணி வாயைத் திறந்தார். நஞ்சப்பன் கையைக் காட்டி நிறுத்தினார். "அம்மா சொல்லட்டும்."

மரகதம் மகனைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது. புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணில் ஒரு கெஞ்சல். என்னை விட்டுக்கொடுத்துவிடாதே என்கிற கெஞ்சல். இத்தனை வருஷத்தில் ஊரில் எத்தனையோ பேர் முன்னால் அவர் இப்படிப் பார்த்திருக்கிறார், அவளும் "ஆமா, நான் பாத்தேன்" என்று சொல்லியிருக்கிறாள். அது யார் வெள்ளாமையையும் கெடுக்காத பொய், சொன்னால் அவருக்குச் சோறு இன்னும் இரண்டு பிடி இறங்கும். இது அப்படியில்லை.

"ஒண்ணுமே போட்டதில்லீங்க" என்றாள்.

"ஒண்ணுமேன்னா?"

"ஒரு ஷேரு கூட வாங்கினதில்லீங்க. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பாப்பாரு. அவ்வளவுதான். ஒரே ஒரு தடவ வாங்கலாம்னு உக்காந்தாரு. அந்தப் பச்சைப் பொத்தானத் தொட வேண்டியதுதான் பாக்கி. வெரலை எடுத்துட்டாரு. போனை எங்கிட்ட நீட்டி, மரகதம், இதை அமத்திடுன்னாரு. வாங்கறதை அமத்தட்டுமா, போனை அமத்தட்டுமான்னு கேட்டேன். போனைன்னாரு. அமத்திட்டு ரசம் ஊத்திச் சோறு போட்டேன். அப்புறம் வாங்கறேன்னு சொன்னதே இல்ல. என் நகை அப்படியே இருக்குதுங்க. தோப்பு அப்படியே இருக்குது. வேணும்னா வந்து பாத்துக்குங்க."

தெய்வசிகாமணி கப்பைக் கீழே வைத்தார். காற்றுப் போன டயர் மாதிரி சோபாவுக்குள் அமுங்கிப் போனார். பம்பாய் வரைக்கும் கோடு இழுத்த அந்த விரல் வேட்டியின் கரையைச் சுருட்டிக்கொண்டிருந்தது. மகனுக்காகப் புருஷனைக் காட்டிக்கொடுத்தாயிற்று. அப்படியும் சம்பந்தம் நிலைக்குமா என்று தெரியவில்லை.

நஞ்சப்பன் எழுந்தார். ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். அவர் தோள்கள் ஆடிக்கொண்டிருந்தன. ருக்குமணிக்கே அது சிரிப்பு என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பார்த்துப் பழக்கமில்லை போலிருக்கிறது.

"என்ற சர்வீஸ்ல எத்தனையோ கேஸ் பாத்துட்டனுங்க" என்றார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு கீறல் சேதம் கூட இல்லாம இவ்வளவு பெரிய க்ளெய்ம் போட்ட ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன். எனக்கு முதல்லயே பொறி தட்டுச்சு. காசு போட்டவன் இப்படிப் பேச மாட்டான். எந்தம்பி இதே சேர்ல உக்காந்து பேசியிருக்கான். ஒவ்வொரு வார்த்தையும் நம்பற மாதிரியே இருக்கும். இவரு பேச்சுல நம்பற மாதிரி ஒரு வார்த்தை இருந்துச்சா? அதுதான் நல்ல அறிகுறி. இருந்தாலும் கேட்டு உறுதி பண்ணிக்கோணும் பாருங்க."

மரகதத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பூபதி ஒரு பஜ்ஜியை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டான். ஆனால் தெய்வசிகாமணி நிமிரவில்லை. சம்பந்தம் தப்பியது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பருந்தும் மெழுகுவத்தியும் போய்விட்ட ஒரு மனுஷனாக உட்கார்ந்திருந்தார்.

திரை விலகியது. மேகலா வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள். கருநீலப் புடவை, அம்மாவின் வட்ட முகம், அப்பாவின் அசையாத பார்வை. பூபதி பக்கம் அவள் திரும்பவில்லை. நேராகத் தெய்வசிகாமணிக்கு எதிரே போய் நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கோணும். நீங்க கோடு போட்டது போன மழைக்காலத்துலதானுங்களே? ஒரு திங்கக்கெழம?"

தெய்வசிகாமணி சந்தேகமாகத் தலையைத் தூக்கினார். "திங்கக்கெழமயாத்தான் இருக்கும்."

"அப்படின்னா அது உங்க கோடுதானுங்க. எங்க மொட்டை மாடி மேல போச்சு. எனக்கு அப்ப தெரியாதுங்க மாமா, நான் யாரோ கேபிள் டிவிக்காரங்க கட்டினதுன்னு நெனச்சுட்டேன். மழைக்காலத்துல துணி காயப் போட எடமே இல்லாம இருந்துச்சு. வீட்டுத் துணியெல்லாம் அதுலதான் போட்டேன். போர்வை, ஜமுக்காளம், அப்பாவோட வேட்டி, எல்லாம் ஈரத்தோட. உங்களுக்குக் கோடு நடுவுல தொங்குச்சுன்னு சொன்னீங்களே, அது ஷேரு பாரமில்லீங்க. எங்க ஜமுக்காளம். நீங்க அந்தப் பக்கம் புடிச்சிட்டு நிக்கறீங்கன்னு தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க மாமா."

ருக்குமணி "ஆமாங்க, நாந்தான் கிளிப்பு எடுத்துக் குடுத்தேன்" என்றார், கேட்காமலே.

தெய்வசிகாமணியின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றாள் மேகலா. முகத்தில் ஒரு கோடு கூட அசையவில்லை. "சாயங்காலம் மழை தூறுச்சுன்னு அவசரத்துல துணியை வாரி எடுத்துட்டு ஓடினேன். கீழ வந்து மடிக்கறப்பப் பாத்தா, ஜமுக்காளத்துக்குள்ள ரெண்டு மூணு ஷேரும் சேந்து வந்துருச்சு. ஒண்ணு சோப்புக் கம்பெனி, வாசமாவே இருக்கும். யாரோடதுன்னு தெரியாம பீரோவுல மடிச்சு வெச்சிருக்கறேன். நான் உங்க வீட்டுக்கு வர்றப்போ எடுத்துட்டு வர்றேன். நீங்களே மறுபடி கோட்டு மேல உக்கார வெச்சுருங்க."

நஞ்சப்பன் மகளைப் பார்த்தார். எத்தனையோ பொய்களைப் பிரித்து வைத்த மனுஷன், தன் வீட்டுக்குள்ளேயே இப்படி ஒன்று வளர்ந்திருப்பதைக் கவனிக்காமல் விட்டோமே என்பது போலப் பார்த்தார். ருக்குமணி, அவள் சொன்ன கடைசி வாக்கியத்தில் ஒரு சம்மதம் ஒளிந்திருந்ததை முதலில் பிடித்து, பூ எடுக்க உள்ளே ஓடினார். மரகதம் எழுந்து போய்ப் பெண்ணின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். பூபதிக்குப் பஜ்ஜி தொண்டையில் சிக்கி, தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

பூ வைத்தார்கள், தேதி பேசினார்கள், சாப்பிட்டார்கள். தெய்வசிகாமணி எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். ரசத்தை நன்றாக இருக்கிறது என்று ஒரே ஒரு முறை சொன்னார், அதையும் பெரிதாக்கவில்லை. விடைபெறும்போது மேகலா காலில் விழுந்து எழுந்தாள். அவர் ஆசீர்வாதம் பண்ணிவிட்டு அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

திரும்பி வரும்போது பூபதி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். மரகதம் எந்தச் சித்தப்பாவுக்கு முதலில் சொல்வது, எந்தக் கடையில் ஜவுளி எடுப்பது என்று பேசிக்கொண்டே வந்தாள். தெய்வசிகாமணி ஜன்னல் வழியாக ஆகாசத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கோமங்கலம் தாண்டி, காற்றாலைகள் தெரிய ஆரம்பித்தபோதுதான் அவருக்குக் குரல் வந்தது. மகனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று மரகதத்தின் காதோரம் குனிந்தார்.

"நல்ல பொண்ணுதான். ஆனா எனக்கென்னமோ கொஞ்சம் பொய் பேசும்போலத் தெரியுது மரகதம்."

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

"கோடு பொள்ளாச்சி வழியாப் போகவே இல்லையே" என்றார் தெய்வசிகாமணி. "தாராபுரம் வழியாத்தானே போச்சு."